பாதி அரங்கத்தை இடிப்பதற்கென்றே கட்டினார்கள்!

ஓட்டப்பந்தயத்துக்குப் பிறந்து, பேஸ்பாலுக்கு வாழ்க்கைப்பட்டு, இன்று கல்லூரி மாணவர்கள் கையில் இருக்கும் அட்லாண்டா ஒலிம்பிக் ஸ்டேடியத்தின் கதை

அட்லாண்டா, 1996 ஆகஸ்ட் 1. ஆண்கள் 200 மீட்டர் இறுதிப்போட்டி. தங்க நிற ஷூவோடு குனிந்து நிற்கிறார் மைக்கேல் ஜான்சன். துப்பாக்கி வெடித்த நாலாவது எட்டிலேயே கால் லேசாக இடறுகிறது. டிவியில் பார்த்தவர்களுக்கு அது தெரியக்கூட இல்லை. வளைவைத் தாண்டி நேர்ப்பாதைக்கு வந்தபோது அவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி, குட்டிக் குட்டி எட்டு வைத்து ஓடும் அந்த வினோத ஓட்டம் கோட்டைத் தொட்டதும் கடிகாரம் நின்றது: 19.32 விநாடி.

இத்தாலியின் பியெத்ரோ மென்னேயா 1979-ல் வைத்த 19.72 என்ற சாதனை 17 ஆண்டுகள் அசையாமல் கிடந்தது. ஐந்து வாரங்களுக்கு முன்புதான், அமெரிக்க அணித் தேர்வில், இதே பாதையில் 19.66 ஓடி அதை ஜான்சன் உடைத்திருந்தார். இப்போது தன் சாதனையையே ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துவிட்டார். 200 மீட்டரில் அது யானை அளவு வித்தியாசம்.

அன்று அந்த அரங்கில் 80,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இருவர் உட்கார்ந்திருந்த இருக்கைகள் அடுத்த வருடம் அங்கே இல்லை. இடித்துவிட்டார்கள். ஜான்சன் ஓடிய பாதையைப் பெயர்த்தெடுத்து, ஊருக்குள்ளேயே கிளார்க் அட்லாண்டா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 1997 ஏப்ரல் 4 அன்று அதே இடத்தில் புல் முளைத்திருந்தது. சிகாகோ கப்ஸ் அணியை 5-4 என்று வென்று, அட்லாண்டா பிரேவ்ஸ் பேஸ்பால் அணி புதுவீட்டில் பால் காய்ச்சியது.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கடைக்கால் தோண்டும் முன்பே போட்ட ஒப்பந்தம் இது.

மாப்பிள்ளை பார்த்துவிட்டுக் கட்டிய வீடு

1990 செப்டம்பர் 18, டோக்கியோ. நவீன ஒலிம்பிக்கின் நூற்றாண்டு விழாவை, அது தொடங்கிய ஏதென்ஸுக்கே கொடுப்பார்கள் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தது. அறிவிக்கப்பட்ட பெயர் அட்லாண்டா. நான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரம் அது. கோகோ கோலாவின் தலைமையகமும் சி.என்.என். தொலைக்காட்சியும் அங்கே இருந்தன. ஒலிம்பிக் தரத்தில் ஒரு தடகள அரங்கம் இல்லை.

ஒலிம்பிக்கைக் கேட்கும் முயற்சியைத் தொடங்கிவைத்தவர் பில்லி பெய்ன். கல்லூரிக் காலத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியவர், தொழிலில் ரியல் எஸ்டேட் வழக்கறிஞர். அவர் தலைமையிலான அமைப்புக் குழு டிவி உரிமை, விளம்பரதாரர், டிக்கெட் ஆகியவற்றில் வரும் பணத்தை வைத்தே விழாவை நடத்தவேண்டியிருந்தது. பதினேழு நாள் கூத்துக்கு ஒரு பிரம்மாண்ட அரங்கத்தைக் கட்டி, பிறகு அதற்குக் காலமெல்லாம் தீனி போட நகராட்சி தயாராக இல்லை.

பக்கத்திலேயே இன்னொரு தேவையும் இருந்தது. 1966 முதல் பிரேவ்ஸ் ஆடிவந்த பழைய ஃபுல்டன் கவுன்ட்டி ஸ்டேடியத்துக்கு வயதாகிவிட்டது. அணியின் உரிமையாளர், சி.என்.என்.-ஐத் தொடங்கிய டெட் டர்னர். ஒப்பந்தம் இதுதான்: ஒலிம்பிக் குழு தன் செலவில் கட்டும். விழா முடிந்ததும் பேஸ்பாலுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும். பிரேவ்ஸ் அங்கே குடியேறும். 1993-ல் வேலை தொடங்கியது. செலவு சுமார் 20.9 கோடி டாலர்.

வேலை பூப்போல நடக்கவில்லை. 1995 மார்ச்சில் விளக்குக் கோபுரம் ஒன்று சரிந்து விழுந்து ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அரங்கத்தைப் பற்றிய புகழுரைகளில் இந்த மரணம் பெரும்பாலும் வருவதில்லை என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

விசிறியும் முட்டையும்

தடகள அரங்கத்தில் பேஸ்பால் ஆடினால் என்ன, புல்தரைதானே என்று நமக்குத் தோன்றும். நமக்குப் பழக்கம் கிரிக்கெட். நடுவில் ஆடுகளம், சுற்றிலும் மைதானம். எந்த கேலரியில் உட்கார்ந்தாலும் ஆட்டம் ஓரளவு ஒரே தூரத்தில்தான் நடக்கும். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய டெல்லி நேரு ஸ்டேடியத்தில்தான், 1984 செப்டம்பரில், இந்தியாவின் முதல் பகலிரவு ஒருநாள் போட்டி ஆஸ்திரேலியாவுடன் நடந்தது. பெரிதாக எதையும் இடிக்க வேண்டியிருக்கவில்லை.

பேஸ்பால் அப்படி அல்ல. அந்த மைதானம் ஒரு பனையோலை விசிறி. கைப்பிடி முனையில், பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட். பந்து வீசுவதும் அடிப்பதும் ஓடுவதும் பெரும்பாலும் அந்த முனையை ஒட்டித்தான். அங்கிருந்து 90 டிகிரியில் மைதானம் விரிந்து, 400 அடி தள்ளிச் சுவரில் முடியும். காசு கொடுத்து வருபவர் எல்லோரும் கைப்பிடிப் பக்கம்தான் உட்கார ஆசைப்படுவார்கள். விசிறியின் அகன்ற ஓரம் ஏழைகளின் கேலரி.

தடகளப் பாதை முட்டை வடிவம். ஒரு சுற்று 400 மீட்டர். முட்டைக்குள் விசிறியைச் செருகினால் ஒரு பக்கம் மைதானம் போதாது, இன்னொரு பக்கம் பார்வையாளர்கள் அடுத்த ஊரில் இருப்பார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் லாஸ் ஏஞ்சலஸ். 1932 ஒலிம்பிக் நடந்த கொலீசியம் அரங்கத்தில், 1958 முதல் நான்கு சீசன்கள் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி ஒண்டுக்குடித்தனம் நடத்தியது. இடதுபக்கச் சுவர் 251 அடியிலேயே வந்துவிட்டது. தட்டினாலே ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) ஆகிவிடுமே என்று அங்கே 42 அடி உயரத்துக்கு வலை கட்டினார்கள். வாலி மூன் என்ற ஆட்டக்காரர் அந்த வலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டே புகழ்பெற்றார். ஆட்டம் கேலிக்கூத்து என்றார்கள் விமர்சகர்கள். கூட்டமோ குறையவில்லை. சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்டு சீரிஸில், 1959-ன் ஒரே ஆட்டத்துக்கு 92,706 பேர் வந்தார்கள்.

அட்லாண்டாவின் வடிவமைப்பாளர்கள் கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள். முதலில் விசிறியை வரைந்தார்கள். அதன் மேல் முட்டையை ஏற்றினார்கள். தென்மேற்குப் பகுதியை நிரந்தரக் கட்டுமானமாக, பேஸ்பாலுக்கு வேண்டிய அறைகள், மாடங்கள், இருக்கைக் கோணம் எல்லாவற்றோடும் கட்டினார்கள். வடக்கே நீண்ட பாதி, ஒலிம்பிக்குக்கு மட்டும். அதனால் 1996-ல் வானிலிருந்து எடுத்த படங்களில் அரங்கம் ஒருபக்கம் வீங்கியதுபோல் தெரியும். தென்மேற்கு மூலையில் இருந்தவர்களுக்கு ஓட்டப்பாதை கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. தங்களுக்கும் பாதைக்கும் நடுவே கிடந்த வெற்றிடம் எதற்கென்று அவர்களில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்?

வேடிக்கை இன்னொன்று உண்டு. 1996 ஒலிம்பிக்கின் பேஸ்பால் போட்டிகள், பேஸ்பாலுக்காகவே வரையப்பட்ட இந்தப் புது அரங்கத்தில் நடக்கவில்லை. பக்கத்திலிருந்த பழைய ஸ்டேடியத்தில் நடந்தன. தங்கம் கியூபாவுக்கு.

ஆகஸ்ட் 25-ல் பாராலிம்பிக் முடிந்ததும் கடப்பாரை இறங்கியது. 85,000 இருக்கைகள் ஏறக்குறைய 50,000 ஆயின. இடித்த வடபகுதி, நுழைவாயில் முற்றமாயிற்று. ஒலிம்பிக் அரங்கத்தின் பழைய எல்லையைக் காட்டும் செங்கல் தூண்களை மட்டும் விட்டுவைத்தார்கள். டிக்கெட் கிழித்துக்கொண்டு உள்ளே போகிறவர், ஒருகாலத்தில் கேலரி இருந்த இடத்தில்தான் பாப்கார்ன் வாங்கினார்.

> பெட்டிச் செய்தி: இதே அரங்கில்...
>
> 1996 ஜூலை 19: முகமது அலி, நடுங்கும் கையால் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றினார்.
>
> ஜூலை 27: கனடாவின் டோனவன் பெய்லி 100 மீட்டரை 9.84 விநாடியில் ஓடி உலக சாதனை. அன்று அதிகாலைதான் நகரின் ஒலிம்பிக் பூங்காவில் குண்டு வெடித்திருந்தது.
>
> ஜூலை 29: நீளம் தாண்டுதலில் கார்ல் லூயிஸுக்குத் தொடர்ந்து நான்காவது தங்கம். அவருடைய ஒன்பதாவது ஒலிம்பிக் தங்கமும் அதுதான்.
>
> ஆகஸ்ட் 4: மாரத்தான் தங்கத்தோடு ஜோசையா துக்வானே. ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினத் தென்னாப்பிரிக்கர்.
>
> 2004 மே 18: அரிசோனாவின் 40 வயது பிட்சர் ராண்டி ஜான்சன், பிரேவ்ஸ் வீரர் ஒருவரையும் முதல் பேஸ் தொடவிடாமல் 'பெர்ஃபெக்ட் கேம்' வீசினார்.

பெயரில் ஒரு சண்டை

அரங்கத்துக்கு டர்னர் ஃபீல்டு என்று பெயர் வந்தது. உள்ளூர்க்காரர்கள் பலர் விரும்பிய பெயர் ஹாங்க் ஆரோன். பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் சாதனையை, நிறவெறிக் கடிதங்களுக்கும் கொலை மிரட்டல்களுக்கும் நடுவே, 1974 ஏப்ரல் 8 அன்று பக்கத்துப் பழைய ஸ்டேடியத்தில் முறியடித்தவர். மொத்தம் 755 ஹோம் ரன்கள் அடித்தவர். கடைசியில் அவருக்குக் கிடைத்தது தெரு. அரங்கத்தின் முகவரி: 755, ஹாங்க் ஆரோன் டிரைவ். முதலாளிக்கு மாளிகை, நாயகனுக்குக் கதவு எண்!

பழைய ஸ்டேடியம் 1997 ஆகஸ்ட் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்த இடம் கார் பார்க்கிங் ஆனது. ஆரோனின் 715-வது பந்து தாண்டிய இடத்தை மட்டும் கார்களுக்கு நடுவே அடையாளமிட்டு வைத்தார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம்

இதுவரை சொன்னது அரங்கத்துக்குள் நடந்தது. வேலிக்கு வெளியே சம்மர்ஹில் என்றொரு பேட்டை இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, விடுதலையான அடிமைகளும் யூதக் குடியேறிகளும் உண்டாக்கிய பகுதி. ஜார்ஜியா அவென்யூ அதன் கடைவீதி.

1960-களில் 'நகரச் சீரமைப்பு' வந்தது. பேட்டைகளைக் கிழித்துக்கொண்டு விரைவுச்சாலைகள் போயின. வீடுகளை இடித்த இடத்தில் முதல் ஸ்டேடியம் எழுந்தது. அன்றைய மேயர் ஐவன் ஆலன் பின்னாளில் அதைப் பற்றிப் பெருமையாகவே சொன்னார்: நமக்குச் சொந்தமில்லாத நிலத்தில், கையில் இல்லாத பணத்தில், ஒப்பந்தமே ஆகாத அணிக்காகக் கட்டினோம் என்று. அந்த நிலத்தில் ஏற்கெனவே குடியிருந்தவர்கள் அந்த நகைச்சுவையில் இடம்பெறவில்லை. 1966 செப்டம்பரில், முதல் சீசன் முடியும் முன்பே, போலீஸ் துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்து சம்மர்ஹில்லில் கலவரம் வெடித்தது.

ஆகவே, 1990-களில் இரண்டாவது ஸ்டேடியமும் இங்கேதான் என்றபோது மக்கள் தெருவுக்கு வந்தார்கள். கவுன்ட்டி ஆணையராக இருந்த மூன்றாம் மார்ட்டின் லூதர் கிங் (ஆமாம், அந்த மார்ட்டின் லூதர் கிங்கின் மகன்) ஒப்பந்தத்தை எதிர்த்துப் பேசினார். பார்க்கிங் வருமானத்தில் ஒரு பங்கு சுற்றுவட்டாரப் பேட்டைகளுக்கு என்ற ஏற்பாடு வந்தது.

அந்த பார்க்கிங்தான் பேட்டையின் உண்மையான வில்லன் என்பது என் கட்சி. பேஸ்பால் அணி ஓர் ஆண்டில் சொந்த மைதானத்தில் ஆடுவது 81 ஆட்டம். மீதி 284 நாளும் அந்தத் தார்த்தரை வெறுமனே காயும். அங்கே வீடு இல்லை, கடை இல்லை, இரவில் ஆள் நடமாட்டமும் இல்லை. ஆட்ட நாளில் புறநகரிலிருந்து காரில் வருகிறவர் நேரே பார்க்கிங்கில் இறங்கி, உள்ளேயே சாப்பிட்டு, ஆட்டம் முடிந்ததும் விரைவுச்சாலையைப் பிடித்துப் போய்விடுவார். ஜார்ஜியா அவென்யூவில் ஒரு காபிகூடக் குடிக்கமாட்டார். 1997-லிருந்து இருபது சீசன். கணக்குப் போட்டால் 1,600 ஆட்டங்களுக்கு மேல். அத்தனை கூட்டமும் வாசல் வழியே வந்து போனது. கடைவீதி மட்டும் பூட்டியே கிடந்தது.

இருபதே வருடத்தில் டாட்டா

2013 நவம்பர் 11. குத்தகை முடிந்ததும் அட்லாண்டாவை விட்டே போகிறோம் என்று பிரேவ்ஸ் அறிவித்தது. இடம்: வடக்கே காப் கவுன்ட்டி. காரணங்களை அடுக்கினார்கள். பழுதுபார்ப்புக்கு மட்டும் 15 கோடி டாலர் ஆகும், பார்க்கிங் போதாது, மெட்ரோ ரயில் அரங்க வாசல்வரை வராது, டிக்கெட் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வடக்குப் புறநகர்க்காரர்கள்.

கட்டி முடித்துப் பதினேழு வருடமே ஆன அரங்கம்! சொல்லாத காரணமும் ஒன்று உண்டு. அது அவர்கள் கட்டிய புது இடத்தைப் பார்த்தாலே விளங்கும். அரங்கத்தோடு சேர்த்து ஹோட்டல், அலுவலகம், கடை, குடியிருப்பு. சுற்றியுள்ள நிலத்தின் வருமானம் அணிக்கே. டர்னர் ஃபீல்டைச் சுற்றியிருந்த நிலம் அவர்களுடையது அல்ல. காப் கவுன்ட்டி நிர்வாகம் சுமார் 30 கோடி டாலர் மக்கள் பணத்தை எடுத்துவைத்தது. ஒலிம்பிக் குழு தந்த வீட்டிலிருந்து, வரிப்பணம் கொட்டிய வீட்டுக்கு மாறிப்போனார்கள்.

2016 அக்டோபர் 2. கடைசி ஆட்டம். டெட்ராய்ட் அணியை 1-0 என்று வென்றார்கள். பிரேவ்ஸ் ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகும் ஒரு விஷயம்: 1995-ல் பழைய ஸ்டேடியத்தில் இருந்தபோது சாம்பியன் ஆனார்கள்; 2021-ல் புது ஸ்டேடியத்துக்குப் போனபின் சாம்பியன் ஆனார்கள்; நடுவிலிருந்த டர்னர் ஃபீல்டின் இருபது சீசனில் ஒருமுறைகூட இல்லை. 1999-ல் வேர்ல்டு சீரிஸ் வரை போய், நான்கு ஆட்டமும் யாங்கீஸிடம் தோற்றார்கள்.

> பெட்டிச் செய்தி: மான்ட்ரியால் கொடுத்த விலை
>
> முன்யோசனை இல்லாமல் இதே காரியத்தைச் செய்தால் என்ன ஆகும்? 1976 ஒலிம்பிக்குக்கு மான்ட்ரியால் கட்டிய அரங்கத்தைப் பார்க்கலாம். விழா தொடங்கியபோது கோபுரமும் கூரையும் முடியவில்லை. 1977-ல் எக்ஸ்போஸ் பேஸ்பால் அணி குடிவந்தது. 1987-ல்தான் கூரை வந்தது. வந்த கூரை கிழிந்தது. 1991-ல் 55 டன் கான்கிரீட் உத்தரம் கழன்று விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. வட்டியோடு கடனை அடைத்து முடிக்க 2006 ஆயிற்று, முப்பது வருடம். அதற்கு இரண்டு வருடம் முன்பே எக்ஸ்போஸ் ஊரைவிட்டுப் போயிருந்தது. வட்ட வடிவத்துக்காக 'பிக் ஓ' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் 'ஓ' என்றால் கடன்பட்டிருப்பது என்றும் பொருள். கூரையை மாற்ற 87 கோடி கனடிய டாலர் செலவாகும் என்று 2024-ல் அறிவித்தார்கள்.

மூன்றாம் பிறவி

பிரேவ்ஸ் போனால் அரங்கத்தை இடித்துவிடுவோம் என்றார் மேயர் காசிம் ரீட். இடிக்கவில்லை. ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் கேட்டு வாங்கிக்கொண்டது. 2017 ஜனவரியில் கட்டுமான நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து அரங்கத்தையும் சுற்றியுள்ள நிலத்தையும் 3 கோடி டாலருக்கு எடுத்தார்கள். 20.9 கோடியில் கட்டியதன் அடிமாட்டு விலை! பேஸ்பால் புல்லைப் பெயர்த்து, அமெரிக்கன் ஃபுட்பாலுக்கான செவ்வகத்தைப் போட்டார்கள். 2017 ஆகஸ்ட் 31 அன்று முதல் ஆட்டம்.

விற்பனையை எதிர்த்து அல்ல, தங்களுக்கு எழுத்தில் உத்தரவாதம் வேண்டும் என்று அந்த வருட ஏப்ரலில் பேட்டை மக்களும் மாணவர்களும் அரங்கத்துக்கு எதிரே கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். வாடகை ஏறும், பழைய குடிகள் வெளியேற வேண்டியிருக்கும் என்பது அவர்கள் பயம். இன்று பார்க்கிங் நிலத்தில் குடியிருப்புகள் எழுகின்றன. ஜார்ஜியா அவென்யூவில் உணவகங்கள் திறந்திருக்கின்றன. 2022-ல் பல்கலைக்கழகத்தின் உள்ளரங்கமும் வந்துவிட்டது. பேஸ்பால் இருந்தவரை உயிர்பெறாத கடைவீதி, பேஸ்பால் போனபிறகு உயிர்பெற்றது. அந்தக் கடைகளில் காபி குடிப்பவர்கள் பழைய சம்மர்ஹில்காரர்களா என்பது வேறு கேள்வி.

1996-ல் அட்லாண்டா நகரத்துக்குள் இருந்த பெரிய ஒலிம்பிக் அரங்கங்களைக் கணக்கெடுத்துப் பாருங்கள். பேஸ்பால் நடந்த ஃபுல்டன் கவுன்ட்டி ஸ்டேடியம் 1997-ல் தகர்க்கப்பட்டது. வாலிபால் நடந்த ஓம்னி, அதே வருடம் அதே கதி. ஜிம்னாஸ்டிக்ஸும் கூடைப்பந்தும் நடந்த ஜார்ஜியா டோம், 2017-ல் வெடிவைத்துத் தரைமட்டம். முழுசாகக் கட்டிய மூன்றும் போய்விட்டன. பாதியை இடிப்பதற்கென்றே கட்டியது நிற்கிறது.

உஷாவிடம் ஒரு கேள்வி

வலை கட்டிப் பேஸ்பால் ஆடிய அந்த லாஸ் ஏஞ்சலஸ் கொலீசியத்தை நம் ஊர்க்காரர்கள் மறக்கமாட்டார்கள். 1984 ஆகஸ்ட் 8 அன்று பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ருமேனியாவின் கொஜோகாரு 55.41 விநாடி, பி.டி. உஷா 55.42. நூறில் ஒரு விநாடியில் வெண்கலம் கைநழுவியது அங்கேதான். 2028-ல் மூன்றாவது முறையாக அதே கொலீசியத்தில் ஒலிம்பிக் தடகளம் நடக்கப்போகிறது. புது அரங்கம் தேவைப்படவில்லை.

2036 ஒலிம்பிக்கை நடத்த விருப்பம் தெரிவித்து, 2024 அக்டோபரில் இந்தியா கடிதம் கொடுத்துவிட்டது. அகமதாபாத்தின் பெயர் அடிபடுகிறது. தடகளத்துக்கு ஓர் அரங்கம் வேண்டும். எத்தனை லட்சம் இருக்கை, உலகிலேயே பெரியதா என்ற பேச்சு சீக்கிரமே ஆரம்பித்துவிடும். அதற்கு முன் இரண்டு விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். விழா முடிந்த மறுவாரம் அங்கே யார் விளையாடப்போகிறார்கள்? சுற்றியுள்ள நிலம் யாருக்கு? முதல் கேள்விக்கு அட்லாண்டா கடைக்காலுக்கு முன்பே பதில் வைத்திருந்தது. இரண்டாவதற்கு அதனிடம் பதில் இல்லை.

2022 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவராகத் தேர்வானவர் பி.டி. உஷாவேதான். கடிதம் போனதும் அவர் காலத்தில்தான். கேள்வியை அவரிடமிருந்தே தொடங்கலாம்.